பல்வரிசையும் முதுமையின் மன நிறைவும்



"பல் போனால் சொல் போச்சு" என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பற்கள் விழுந்தபின் பேச்சுக் குழறுவதையே இப்பழமொழி குறிக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறோம். ஆனால், பல் போகாமல் இருக்கும்போதே சொல் போய்விடுவதும் உண்டு. பற்கள் வாயிலேயே இருக்கும். ஆயினும், அவை இடம் பெயர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறியும், முன்னே தள்ளியும், இடையே சந்து விட்டும் நிற்கும். அவற்றைப் பிறர் பார்த்துவிடுவரோ என்ற கூச்சத்தால் ஒருவர் முதலில் சிரிப்பதைக் குறைத்துக்கொள்வார். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொள்வார். நாளடைவில் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதையே நிறுத்திவிடுவார். முதுமையில் இவ்வாறு நேர்வதைப் பற்றியும், அதற்குப் பரிகாரமாகப் பல்லுக்குக் கம்பி போடுவதைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

பல்லுக்குக் கிளிப்புப் போடுவது என்றவுடன் நம் கண்முன் தோன்றுவோர் பள்ளிச் சிறுவர் சிறுமியரே. அறுபது வயதைக் கடந்த ஒருவர் கிளிப்புப் போட்டுக்கொள்ள விரும்புகிறார் என்றால், வீட்டில் முதலில் எழுவது நகைப்பு, அடுத்து எழுவது, "இந்த வயதில் இது எதற்கு?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியை நாங்களும் எங்கள் இல்லத்தில் கேட்டோம். கேட்டது தவறு என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அந்த அனுபவமே இவ்வுரைக்குக் காரணமாயிற்று.

எழுத்துக்கள் பிறக்கும் முறையைச் சொல்ல வந்த தொல்காப்பியர், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணிக் காட்டுகிறார். தகரமும் நகரமும் பிறக்கும்போது நாவின் நுனி மேற்பல்லின் அடியைச் சென்று பொருந்துகிறது. வகரம் பிறக்கும்போது மேற்பல்லும் கீழிதழும் கூடுகின்றன. ஆகவே, பல் என்பது உணவை அரைக்கும் கருவி மட்டுமன்று. மொழியைப் பிறப்பிக்கும் கருவிகளுள்ளும் ஒன்று. உண்பது, பேசுவது, சிரிப்பது ஆகிய மூன்றும் மனிதர் ஒருவரோடொருவர் கூடி வாழ்வதற்கு வேண்டிய செயல்கள். மூன்றுக்கும் பல் வேண்டும்.

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஊரில் இருக்கும் முதியவருக்குத் திண்ணை உண்டு, கோயில் உண்டு, கடைத்தெருவில் நின்று பேச நாலு முகங்கள் உண்டு. மகனோடோ மகளோடோ வாழ்வதற்காகத் தில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ வந்த முதியவருக்கு அவையெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டாரின் மொழி வேறு. வீட்டிலுள்ளோர் காலையில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றால் மாலையில்தான் திரும்புகின்றனர். ஏற்கெனவே சுருங்கிய அவருடைய பேச்சு வட்டம், பல்லைப் பற்றிய கூச்சமும் சேர்ந்தால், மேலும் சுருங்கி ஒன்றுமில்லாமற் போய்விடக்கூடும்.

எங்கள் தாயார் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தந்தையார் மறைந்தபின், தமது 63-ஆம் வயதில், எங்களோடு வாழத் தில்லிக்கு வந்தார். வந்த முதல் ஆண்டில் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குக் கிருத்திகைதோறும் சென்று வருவார். தமிழ்ச் சங்கத்தில் சொற்பொழிவு என்றால் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். பிறகு, சிறிது சிறிதாக, எல்லாம் நின்றது. கேட்டால் முழங்கால் வலி என்பார். ஊரிலுள்ள தம் தங்கையோடு நாள்தோறும் கைபேசியில் பேசுவார். ஆனால், முகம் பார்த்துப் பேசும் வசதி இருந்தும் அதைப் போடவிடமாட்டார். யாரேனும் வீட்டுக்கு வந்தால் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டே பேசுவார். எல்லோரும் உண்டபின் தனியே உண்பார். இவற்றுக்கெல்லாம் தந்தையாரின் மறைவும் தில்லியின் குளிருமே காரணம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணம் முழுதும் தவறன்று. ஆனால், அது முழு உண்மையும் அன்று.

எங்கள் மகனுக்குப் பதின்மூன்று வயதில் பல்லுக்குக் கம்பி போட்டோம். ஒருநாள் அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் புறப்பட்டபோது, தாயார் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "டாக்டரிடம் ஒன்று கேட்டுவிட்டு வாயேன். இந்தக் கிளிப்பைப் பெரியவர்களுக்கும் போடுவார்களா?" என்றார்.

"எந்தப் பெரியவர்களுக்கு அம்மா?" என்று கேட்டோம்.

"சும்மாத்தான் கேட்டேன்" என்றார்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. விளங்கியதும் சிரித்துவிட்டோம். "உங்களுக்கா? இந்த வயதில் எதற்கம்மா? யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றும் சொல்லிவிட்டோம். வேடிக்கையாகச் சொன்ன சொல்தான். தாயார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அன்றிரவு அவர் உண்ணவில்லை. எங்கள் மகன்தான் மெல்லச் சொன்னான்: "பாட்டி ஒரு மாசமா என்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காங்க, வலிக்குமா, சாப்பிட முடியுமான்னு."

யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எங்கள் கேள்வியைப் பிறகு நாங்களே எண்ணிப் பார்த்தோம். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை என்பதையன்றோ அவருக்கு நாங்கள் நினைவூட்டினோம்? மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அரசினர் பல் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம்.

பல்வரிசைச் சீரமைப்பில் தனிப் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் அங்கே இருந்தார். "மாதாஜி, உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று இந்தியில் கேட்டார். தாயாருக்குப் பதிலாக நாங்கள் பேசத் தொடங்கினோம். மருத்துவர் கையமர்த்தி, "அவர் சொல்வதை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்" என்றார். தாயார் சொன்னது இதுதான்: "அழகுக்காக இல்லை, டாக்டர். நாலு பேரோடு வாயைத் திறந்து பேசவேண்டும். அவ்வளவுதான்." அரசாங்கக் கோப்புகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவதே எங்கள் பிழைப்பு. அன்று மாற்றிச் சொன்ன வாக்கியத்தைப் போல் எங்களுக்கு வேறெந்த வாக்கியமும் கனமாக இருந்ததில்லை.

இனி, பற்கள் முதுமையில் ஏன் இடம் பெயர்கின்றன என்பதைச் சிறிது பார்ப்போம். பல் தாடை எலும்பில் ஆணி அறைந்தாற்போல் அசையாமல் பதிந்திருக்கிறது என்று பலரும் நினைக்கின்றனர். அவ்வாறன்று. பல்லின் வேருக்கும் எலும்புக்கும் இடையே மெல்லிய நார்களாலான ஒரு படலம் இருக்கிறது. பல் அப்படலத்தில் தொங்கவிட்டாற்போல் நிற்கிறது. ஆயுள் முழுவதும் நாவும் உதடும் கன்னமும் மெல்லும் விசையும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வயது ஏற ஏறக் கீழ்வரிசை முன்பற்கள் நெருங்கிக் கோணுவது பெரும்பாலோர்க்கு இயல்பாகவே நிகழ்கிறது. கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தை வெறுமனே விட்டுவிட்டால், பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாய்கிறது. எதிர்வரிசைப் பல் அந்த வெற்றிடத்தை நோக்கி நீண்டு வளர்ந்தாற்போல் இறங்குகிறது. இவை எல்லாவற்றினும் கொடியது ஈறு நோய். ஈற்றின் அடியில் காரை படிந்து, நாளடைவில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துபோனால், மேல்வரிசை முன்பற்கள் விசிறி விரிந்தாற்போல் முன்னே சரிந்து, இடையே சந்து விடுகின்றன. இளமையில் ஒழுங்காக இருந்த பல்வரிசை ஐம்பதுக்குமேல் குலைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எங்கள் தாயாருக்கு இவ்விரண்டும் இருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் ஊரில் இரண்டு கடைவாய்ப்பற்களைப் பிடுங்கியிருந்தார், மாற்றுப்பல் வைத்துக்கொள்ளவில்லை. அதோடு ஈறு நோயும் சேர்ந்திருந்தது. "என் பல் இப்படி இருந்ததே இல்லை" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான்.

பற்கள் இடம் பெயரக்கூடியவை என்பதே அவற்றை மீண்டும் ஒழுங்குபடுத்த முடிவதற்கும் காரணமாகிறது. கம்பியின் மெல்லிய விசை இடைவிடாது ஒரு பல்லை அழுத்தும்போது, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு உண்டாகிறது. இவ்வாறு பல் எலும்பினூடே மெல்ல நகர்கிறது. எலும்பு உயிருள்ள பொருளாதலால் இவ்வியல்பு இன்ன வயதோடு நின்றுவிடும் என்று ஒரு வரம்பு இல்லை. முதியவர்க்கு இயக்கம் தொடங்கச் சற்றுக் காலம் பிடிக்கும். விசையும் மென்மையாக இருக்கவேண்டும். ஈறும் எலும்பும் நலமாயிருந்தால் அறுபதிலும் எழுபதிலும் பல்லை நகர்த்த முடியும். எனவே, வயது மட்டும் தடையாகாது. வாயின் நிலையே தடையாகலாம்.

இக்கலையின் வரலாறும் சுவையானது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் செல்சஸ், பால்பல் விழுமுன் நிலைப்பல் முளைத்தால், பால்பல்லை எடுத்துவிட்டுப் புதிய பல்லை நாள்தோறும் விரலால் உரிய இடத்துக்குத் தள்ளுமாறு எழுதிவைத்தார். 1728-இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் போஷார் வெளியிட்ட பல் மருத்துவ நூலில், பற்களைப் பட்டையோடு நூலால் கட்டி ஒழுங்குபடுத்தும் முறை கூறப்பட்டுள்ளது. அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் பல்வரிசைக் கோளாறுகளை வகைப்படுத்தி, இத்துறைக்குத் திட்டமான வடிவம் தந்தார். முற்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டவேண்டியிருந்தது. 1955-இல் மைக்கேல் புவனகோர் என்பவர், பல்லின் எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பற்றும் என்று கண்டார். அதன் பயனாகவே இன்று சிறு சிறு பொட்டுகளைப் பல்லின்மேல் நேரே ஒட்டிக் கம்பியைக் கோக்க முடிகிறது. உலோகப் பொட்டு வேண்டாமென்பார்க்குப் பல்லின் நிறத்திலேயே செராமிக் பொட்டு உண்டு. 1990-களின் இறுதியில், கழற்றி மாட்டக்கூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைகளும் வந்தன; அலைனர் என்பது அவற்றின் பெயர். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.

பல்லுக்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பு வெறும் கற்பனையோ எனச் சிலர் ஐயுறலாம். 1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நன்னிலையில் இருப்பதே நலம் என்று வரையறுத்தது. அந்த நோக்கில் பல் மருத்துவத்தையும் அறிஞர்கள் காணத் தொடங்கினர். 1990-இல் அட்சிசன், டோலன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் முதியோர்க்கென்றே 12 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தனர். பல்லில் சொத்தை எத்தனை என்பதை அவ்வினாக்கள் கேட்பதில்லை. பல்லின் நிலை காரணமாக நீங்கள் பிறரோடு பழகுவதைக் குறைத்துக்கொண்டீர்களா, பிறர் முன்னிலையில் உண்ணச் சங்கடப்பட்டீர்களா, விரும்பியபடி பேச முடிந்ததா, உங்கள் பல்லின் தோற்றம் உங்களுக்கு நிறைவு தருகிறதா, அதைப் பற்றிக் கவலையும் கூச்சமும் கொண்டீர்களா என்பன போன்றவற்றையே கேட்கின்றன. அந்த வினாக்களை நாங்கள் படித்தபோது, எங்கள் தாயாரின் இரண்டு ஆண்டு வாழ்க்கையை யாரோ அருகிருந்து பார்த்து எழுதியது போலிருந்தது.

ஆயினும், விரும்பிய அன்றே கம்பி போட்டுவிட முடியாது. மருத்துவர் முதலில் ஈற்றின் ஆழத்தை ஒவ்வொரு பல்லாக அளந்தார், எக்ஸ்ரே எடுத்தார், இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொன்னார். பின்னர், "முதலில் ஈறு ஆறவேண்டும். அதுவரையில் கம்பி இல்லை" என்று உறுதியாகக் கூறிவிட்டார். ஆறாத ஈற்றில் கம்பி போடுவது, அடித்தளம் இளகிய சுவரைக் கயிறு கட்டி இழுப்பதற்கு ஒப்பாகும். சுவர் நிமிராது, சாயும். காரையை அடிவரை அகற்றி, வீட்டில் துலக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து, சர்க்கரையும் கட்டுக்குள் வந்து, மீண்டும் ஈற்றை அளந்து பார்த்தபோது மூன்று மாதங்களுக்குமேல் ஆகியிருந்தன.

இங்கே முதியோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியவை சில உண்டு. தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பெயரையும் பல் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும். எலும்பு மெலிவுக்காகக் கொடுக்கப்படும் பிஸ்பாஸ்பொனேட் வகை மருந்துகள் பல்லின் நகர்வைத் தடைப்படுத்தும். அம்மருந்து உண்பவர்க்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமற் போகவும் கூடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவரும் சொல்லவேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்துகளுள் சில வாயை உலரச் செய்யும். உமிழ்நீர் குறைந்தால் சொத்தை விரைவில் உண்டாகும். வெற்றிலையோடு புகையிலை போடுபவரும் புகை பிடிப்பவரும் அவற்றை விட்டாலன்றி ஈறு தேறுவது கடினம். தாடையில் திருகிப் பதித்த செயற்கைப் பல்லைக் கம்பியால் நகர்த்த இயலாது என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

கம்பி போட்ட முதல் வாரம் எளிதாயிருந்தது என்று சொல்லமாட்டோம். பற்கள் கூசின, உதட்டின் உட்புறம் உரசிப் புண்ணாயிற்று. அதற்கென்று தரப்படும் மெழுகைப் பொட்டின்மேல் ஒற்றிக்கொண்டார். பேச்சும் சில நாள் தடுமாறியது. "தெரியாமல் ஆசைப்பட்டுவிட்டேன்" என்று ஒருநாள் தாயார் கண் கலங்கினார். சிகிச்சையின் தொடக்கத்தில் மனநிலை இவ்வாறு தாழ்வது வயது வந்தோரிடம் பொதுவாகக் காணப்படுவதே. முன்கூட்டி அறிந்திருந்தால் அச்சமில்லை. அந்த வாரத்தில் தாயாருக்குப் பெருந்துணையாயிருந்தவன் எங்கள் மகன். இருவரும் ஒரே கண்ணாடியின் முன் நின்று ஒரே நேரத்தில் பல் துலக்கினர். எதை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்பதில் அவனே பாட்டிக்கு ஆசானானான்.

முறுக்கு, தட்டை, சீடை, கரும்பு, கடலை மிட்டாய் ஆகியன விலக்கப்பட்டன. இட்லி, இடியாப்பம், பொங்கல், குழைந்த ரசஞ்சாதம், கூட்டு ஆகியவை நிலைத்தன. ஆப்பிளையும் கொய்யாவையும் கடிக்காமல் சிறு துண்டுகளாக நறுக்கி உண்ணவேண்டும். ஒவ்வொரு முறை உண்டபின்னும் மென்மையான பிரஷ்ஷாலும், பல்லிடுக்கில் நுழையும் மிகச் சிறு பிரஷ்ஷாலும், ஃபுளூரைடு கலந்த பற்பசை கொண்டு துலக்கவேண்டும். முதுமையில் ஈறு இறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிவதால் இது மிகவும் அவசியம். வேருக்கு எனாமல் என்னும் கவசம் இல்லை. கைநடுக்கம் உள்ளவர்க்கு மின்சாரப் பிரஷ் உதவும். நான்கு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவரிடம் செல்லவேண்டும். இந்த ஒழுங்குகளைப் பின்பற்ற வீட்டில் ஒருவர் துணை நிற்பது நலம்.

எங்கள் தாயாருக்குச் சிகிச்சை பதினான்கு மாதங்கள் நடந்தது. எல்லாப் பல்லையும் சீர்செய்ய முற்பட்டால் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு ஆகலாம். முன்பற்களை மட்டும் சீர்செய்வதாயின் அதனினும் குறைவாகலாம். முடிவில் முன்பற்களின் சந்து மூடியது; கோணல் நிமிர்ந்தது; கடைவாயில் மாற்றுப்பல்லும் பொருத்தப்பட்டது. ஆனால், எல்லாம் இளமையிற்போல் ஆகிவிடவில்லை. ஈறு இறங்கிய இடத்தில் பற்களின் அடியே சிறு கறுப்பு இடைவெளிகள் எஞ்சி நிற்கின்றன. கரைந்துபோன எலும்பைக் கம்பி மீட்டுத் தராது. நகர்த்திய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும் என்பதால், பல்லின் உட்புறம் ஒட்டிய மெல்லிய கம்பி ஆயுள் முழுவதும் இருக்கவேண்டும். ரிடெய்னர் எனப்படும் அதனைக் கைவிட்டால் செய்ததெல்லாம் வீணாகும். இவற்றை மருத்துவர் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அதனால் ஏமாற்றம் இல்லை.

மனத்தளவில் நேர்ந்த மாற்றத்தைப் பற்றி உண்மையை உள்ளபடி சொல்லவேண்டும். பல் நிமிர்ந்தபின் அது தொடங்கியது என்று நாம் எதிர்பார்ப்போம். அதற்குமுன்பே அது தொடங்கிவிட்டது. ஈற்றுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த மாதங்களிலேயே, பல் ஒன்றுகூட அசையாதபோதே, தாயார் எங்களோடு உட்கார்ந்து உண்ணத் தொடங்கினார். தம் விருப்பத்தை ஒருவர் கேட்டார், அதை நகைக்காமல் மொழிபெயர்த்தார்கள், அதற்காக மாதந்தோறும் உடன் வருகிறார்கள் என்பதே அவருக்குப் பாதி மருந்தாயிருந்தது. மீதிப் பாதியைப் பல் தந்தது. கம்பி கழற்றிய அன்று மாலை தங்கையை அழைத்தார். முகம் தெரியும்படியே அழைத்தார். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் சிரித்த சத்தம் மட்டும் அடுத்த அறைக்குக் கேட்டது. அடுத்த கிருத்திகைக்கு முழங்கால் வலியைப் பற்றிய பேச்சே எழவில்லை.

இதனால், எல்லா முதியோரும் கிளிப்புப் போட்டுக்கொள்ளவேண்டும் என்று நாங்கள் சொல்வதாகக் கருதவேண்டாம். கோணிய பல்லோடு வாய்விட்டுச் சிரித்து மகிழ்ந்திருப்பவர்க்கு அது தேவையில்லை. பல்வரிசை தம்மை உறுத்துவதாகச் சொல்பவர்க்கே இச்சிகிச்சை. பிள்ளைகளின் வற்புறுத்தலுக்காக ஒருவர் இதைச் செய்துகொள்வதும் தகாது. மேலும், பல்லைச் சீர்செய்வது மனச்சோர்வு நோய்க்கு மாற்றாகாது. உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி இரண்டு வாரங்களுக்குமேல் ஒருவர் இருந்தால், அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எங்கே செல்வது என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறோம். பல்வரிசைச் சீரமைப்பு, பல் மருத்துவத்தில் பட்டம் பெற்றபின் தனியே பயிலும் துறை. அத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றவரையே நாடுங்கள். தில்லியில் மௌலானா ஆசாத் பல் மருத்துவ நிறுவனமும், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் பல் மருத்துவ மையமும் உள்ளன. மும்பையில் அரசினர் பல் மருத்துவக் கல்லூரியும் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கொல்கத்தாவில், 1920-இல் டாக்டர் ரபியுத்தீன் அகமது தொடங்கி, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கும் கல்லூரி இருக்கிறது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அதுவே. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் அரசினர் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. இத்தகைய இடங்களில் காத்திருக்க நேரிடலாம். ஆனால், தனியார் இடங்களைவிடச் செலவு குறையும். ஈற்று மருத்துவரும் சீரமைப்பு மருத்துவரும் ஒரே இடத்தில் இருப்பது முதியோர்க்குப் பெரிய வசதி. வாயைச் சோதிக்காமல், எக்ஸ்ரே எடுக்காமல், அச்சு மட்டும் வாங்கிக்கொண்டு தபாலில் உறை அனுப்புவோரை நம்பவேண்டாம். ஈறு நோய் உள்ளவர்க்கு அது பல்லையே இழக்கச் செய்யலாம்.

மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் ஈறும் எலும்பும் இதைத் தாங்குமா? எத்தனை மாதம் ஆகும்? மொத்தம் என்ன செலவாகும்? முடிவில் எது சீராகும், எது சீராகாது? இந்த நான்குக்கும் தெளிவான விடை கிடைத்தபின் முடிவு செய்யுங்கள். உடன் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தாயாருக்கோ தந்தையாருக்கோ அவ்வூர் மொழி தெரியாதிருக்கலாம். அவருக்காக நீங்கள் பேசாதீர்கள். அவர் பேசுவதை மாற்றிச் சொல்லுங்கள்.

நேயர்களே, உங்கள் இல்லத்தில் முந்தானையாலோ துண்டாலோ வாயை மறைத்துக்கொண்டு பேசும் முதியவர் ஒருவர் இருக்கலாம். அவர் உண்ணுமிடமும் சிரிக்குமிடமும் எப்போது மாறின என்று நினைத்துப் பாருங்கள். அவரருகே அமர்ந்து, "பல்லில் ஏதேனும் சங்கடமா?" என்று கேளுங்கள். அவர், "சும்மாத்தான்" என்று சொன்னால், தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.